ஜெராக்ஸ் கடையில் ஒரு மின்தடை

ஒரு வாசகரின் கேள்வி — 7 ஜனவரி 2024

என் மகன் பொறியியல் முடித்துப் பதினான்கு மாதங்களாக வீட்டில் இருக்கிறான். வருகிற போகிற பெரியவர்கள் எல்லோரும் "நாலு பேரிடம் பழகச் சொல்லுங்கள், எந்தப் புற்றில் எந்தப் பாம்பு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்" என்கிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. நான் பார்த்தவரை ஒருவனுக்கு வேலை வாங்கிக் கொடுப்பது மாமனோ சித்தப்பனோதான். தற்செயலாகச் சந்தித்த ஒருவரால் வாழ்க்கை திரும்பியது என்பது, திரும்பிய பிறகு திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொள்ளும் கதை. மறுப்பவர்கள் சொந்த அனுபவத்தைச் சொல்லி மறுக்கட்டும்.

8 ஜனவரி 2024

மறுக்கிறேன். 1993-ஆம் ஆண்டு, அருப்புக்கோட்டை. பி.காம். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, தட்டச்சுத் தேர்வில் தமிழில் ஹையரும் ஆங்கிலத்தில் லோயரும் தேறி, அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல் கை வேகம் போய்விடக் கூடாதே என்பதற்காக மட்டும் தட்டச்சுப் பயிலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு மாலை மின்சாரம் நின்றது. மதிப்பெண் பட்டியலை நகல் எடுக்க வேண்டியிருந்ததால் அதே தெருவில் இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அங்கும் மின்சாரம் இல்லை. ஆனாலும் கடைக்காரர் ஒரு பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னார்.

அதே பெஞ்சில், ஏதோ பத்திரத்தை நகல் எடுக்க வந்த ஒரு நடுத்தர வயதுக்காரர் தினசரியை விசிறியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மின்தடையைத் திட்டுவதில் தொடங்கிய பேச்சு, நான் என்ன படித்திருக்கிறேன் என்பதற்கு வந்தது. தமிழ் தட்டச்சு தெரியும் என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மதுரையில் தமக்குத் தெரிந்த ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருக்கிறார்கள் என்றும், அதில் தமிழ் அடிக்க ஆள் கிடைக்காமல் அது துணி போர்த்திக் கிடக்கிறது என்றும் சொன்னார். அச்சுக் கோத்துப் பழகியவர்கள் அந்த விசைப்பலகையைத் தொட மறுத்தார்கள்; கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கோ தமிழ் அடிக்கத் தெரியவில்லை. தமிழ் தட்டச்சுப் பொறியின் விசை அமைப்பே கம்ப்யூட்டரிலும் இருந்தது என்பது அப்போது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

மின்சாரம் வருவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அடுத்த திங்கட்கிழமை மதுரையில் இருந்தேன். மாதம் 900 ரூபாய். இன்றுவரை நான் சாப்பிடுவது அந்தத் தொழிலில்தான்; கல்யாணப் பத்திரிகையில் தொடங்கிப் புத்தகங்களுக்கு வந்து, இப்போது சொந்தமாக ஒரு சிறு டிடிபி கடை. உறவினர் எவருக்கும் இதில் பங்கு இல்லை. என் மாமா அப்போது எனக்குப் பார்த்து வைத்திருந்த வேலை, அவருடைய நூல் கடையில் கணக்கு எழுதுவது.

8 ஜனவரி 2024, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். அந்த மனிதருடைய பெயர் அப்போது எனக்குத் தெரியாது. மதுரைக்குப் போய் நான்கு மாதம் கழித்து, அச்சக முதலாளி பேச்சுவாக்கில் சொன்னபோதுதான் தெரிந்தது.

11 ஜனவரி 2024

"ஒரு ஆளின் கதையை வைத்துக்கொண்டு உலகத்தை அளக்காதீர்கள்" என்று கேட்டவர் பதில் சொல்லியிருக்கிறார். நியாயம். எனவே அளந்தவர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், பாஸ்டனுக்கு அருகிலுள்ள நியூட்டன் என்ற ஊரில் அண்மையில் வேலை மாறியவர்களிடம், அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று விசாரித்தார். தெரிந்தவர் மூலம் கிடைத்தது என்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை அக்காலத்தில் எவ்வளவு அடிக்கடி பார்த்தீர்கள் என்று மேலும் கேட்டார். வாரம் இரண்டு முறையாவது பார்த்துவந்தவர் மூலம் பெற்றோம் என்றவர்கள் 16.7 சதவீதம் மட்டுமே. எப்போதாவது பார்ப்பவர் மூலம் என்றவர்கள் 55.6 சதவீதம். ஆண்டுக்கு ஒரு முறையோ அதைவிடக் குறைவாகவோ பார்ப்பவர் மூலம் என்றவர்கள் 27.8 சதவீதம். நண்பர் சொல்லித்தான் தெரிந்ததா என்று அவர் கேட்கும்போதெல்லாம், "நண்பர் இல்லை, அறிமுகம்தான்" என்று எதிரில் இருந்தவர்கள் திருத்தினார்களாம்.

அவர் சொன்ன காரணம் எளிமையானது. நம்மோடு நெருக்கமாக இருப்பவர்கள் தங்களுக்குள்ளும் நெருக்கமாக இருப்பார்கள். என் மாமாவுக்குத் தெரிந்ததெல்லாம் என் சித்தப்பாவுக்கும் தெரியும், இருவருக்கும் தெரிந்தது எனக்கும் தெரியும். நூல் கடையைத் தாண்டி அந்த வட்டத்துக்குள் எந்தச் செய்தியும் வராது. பலவீனமான தொடர்பு என்று அவர் பெயரிட்ட, எப்போதாவது பார்க்கும் ஆளோ வேறொரு வட்டத்தில் காலூன்றி நிற்பவர்; அவர் ஒருவர்தான் அங்கிருந்து இங்கே செய்தி கொண்டுவர முடியும். இந்த வாதத்தை அவர் முதலில் அனுப்பிய ஆய்விதழ் திருப்பி அனுப்பிவிட்டது. பிறகு 1973-இல் வேறோர் இதழில் வெளியாகி, சமூக அறிவியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்றாயிற்று.

15 ஜனவரி 2024

பொங்கல் விடுமுறையில் நேரம் கிடைத்தது; சற்று நீளமாக எழுதுகிறேன்.

"அதெல்லாம் அமெரிக்கா, நம் ஊரில் சொந்தபந்தம்தான்" என்று இன்னொருவர் எழுதியிருந்தார். நம் ஊரிலேயே நடந்த, ஒவ்வொரு கண்ணியும் பதிவாகியிருக்கிற ஒரு சங்கிலியைப் பார்ப்போம். கணித மேதை இராமானுஜனின் கதையை நாம் கும்பகோணத்தில் தொடங்கி ஒரே தாவலில் கேம்பிரிட்ஜில் இறக்கிவிடுகிறோம். நடுவில் அவருடைய குலதெய்வமான நாமக்கல் நாமகிரித் தாயார் மட்டும் வருவார். நான் சொல்ல விரும்புவது அந்த நடுவில் இருந்த குமாஸ்தாக்களையும் அதிகாரிகளையும் பற்றி.

முதல் கண்ணி வாடகை. அவர் சிறுவனாக இருந்தபோது வீட்டில் இடம் பிடித்துத் தங்கியிருந்த இரண்டு கல்லூரி மாணவர்களிடமிருந்து, அவர்களுக்குத் தெரிந்த கணிதத்தையெல்லாம் பதினோரு வயதுக்குள் கறந்துவிட்டார். அவர்கள் ஆசிரியர்கள் அல்லர். வீட்டுச் செலவுக்காக வைத்துக்கொண்ட ஆட்கள். அடுத்தது 1903. ஏறத்தாழ 5,000 தேற்றங்களை நிரூபணம் அதிகமில்லாமல் அடுக்கிய ஒரு தேர்வுக் கையேடு, கும்பகோணம் அரசுக் கல்லூரி நூலகத்திலிருந்து நண்பர்கள் மூலம் அவர் கைக்கு வந்தது. அதன் பிறகு அவருக்குக் கணிதத்தைத் தவிர வேறெதுவும் ஏறவில்லை. கும்பகோணத்தில் உதவித்தொகை போயிற்று, சென்னையில் பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வும் போயிற்று. 1909-இல் திருமணம். கையில் பட்டம் இல்லை, சம்பளம் இல்லை. இரண்டு நோட்டுப் புத்தகங்கள் இருந்தன.

1910-இல் அவர் திருக்கோயிலூருக்குப் போய், அங்கே டெப்டி கலெக்டராக இருந்த வி. இராமசாமி ஐயரைப் பார்த்தார். கேட்டது தாலுகா அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை. இராமசாமி ஐயர் 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்துக்கு வித்திட்டவர். நோட்டைப் புரட்டிப் பார்த்தவர் வேலை கொடுக்கவில்லை. வருவாய்த் துறையின் கடைசிப் படியில் உட்காரவைத்து அந்த அறிவை அமுக்கிவிட மனம் வரவில்லை என்று பின்னாளில் சொன்னார். கேட்டதைக் கொடுத்திருந்தால் இராமானுஜன் திருக்கோயிலூரில் அடங்கல் எழுதிக்கொண்டிருந்திருப்பார். மறுத்தவர் கையோடு சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

சென்னையில் பி.வி. சேஷு ஐயர்; இவர் கும்பகோணத்தில் பாடம் நடத்தியவர். அவரிடமிருந்து இன்னொரு கடிதம், நெல்லூர்க் கலெக்டர் ஆர். இராமச்சந்திர ராவுக்கு. சவரம் செய்யாத, அவ்வளவாகச் சுத்தமில்லாத ஓர் உருவம் நைந்த நோட்டுடன் வந்து நின்றதையும், கண்களில் மட்டும் ஒளி இருந்ததையும் ராவ் எழுதி வைத்திருக்கிறார். முதலில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை, பிறகு வந்தது. மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்து அனுப்பினார். பிறர் பணத்தில் காலம் தள்ள மனமில்லாமல் 1912 மார்ச் 1 அன்று இராமானுஜன் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்குப் பிரிவில் சேர்ந்தார். அங்கே அவருக்கு மேலே இருந்த எஸ். நாராயண ஐயரும் கணிதக் கழகத்தைச் சேர்ந்தவர். அவருக்கும் மேலே இருந்த தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு பொறியாளர். சென்னை ஆங்கிலேய அதிகார வட்டத்தில் எவரிடமும் போய்ப் பேசக்கூடியவர். 1913 பிப்ரவரியில் துறைமுகத்துக்கு வேறு வேலையாக வந்த வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கரிடம் ஸ்பிரிங் இந்தக் குமாஸ்தாவைப் பற்றிச் சொன்னார். வாக்கர் தாமே கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியிலிருந்து வந்த கணிதக்காரர். மறுநாளே பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. 1914-இல் டிரினிட்டியைச் சேர்ந்த கணிதவியலாளர் நெவில் சொற்பொழிவாற்றச் சென்னைக்கு வந்ததும் தற்செயல்தான். அவர் பேசி இசையவைத்ததால் மார்ச் 17 அன்று இராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்.

இதில் அப்பா, மாமா, சித்தப்பா எவராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். அப்பா துணிக்கடையில் கணக்கு எழுதுபவர். தம்மால் முடிந்ததைச் செய்திருந்தால் அதே துணிக்கடையில் சேர்த்துவிட்டிருப்பார்.

16 ஜனவரி 2024

நேற்று எழுதியதில் இரண்டு திருத்தங்கள்.

நெவில் வந்தது தற்செயல் என்று எழுதியது தவறு. சொற்பொழிவுக்கு வந்தது உண்மை. ஆனால் இராமானுஜனைச் சந்தித்து அழைத்து வர முயலுமாறு கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டி முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார். அது அனுப்பிவைக்கப்பட்ட அறிமுகம்.

இரண்டாவது இன்னும் பெரியது. ஹார்டியின் பெயரையே நேற்று நான் சொல்லவில்லை; ஏனென்றால் அது என் வாதத்துக்கு இடைஞ்சலாக இருந்தது. 1913 ஜனவரி 16 அன்று — இன்றோடு 111 ஆண்டுகள் — இராமானுஜன் ஹார்டிக்கு எழுதிய கடிதத்துக்கு எந்த அறிமுகமும் இல்லை. துறைமுகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுன் சம்பளத்தில் இருக்கும் குமாஸ்தா என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு, முகம் தெரியாத ஒருவருக்கு எழுதினார். அதற்கு முன் பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு பெரிய கணிதப் பேராசிரியர்களிடமிருந்து உதவி எதுவும் வரவில்லை. ஆக, முக்கியமான கதவைத் திறந்தது அறிமுகம் அல்ல, அஞ்சல் தலை. ஆனால் கடிதம் எழுதும் நாள்வரை அவரைச் சாப்பிடவைத்து, எழுதிய ஆங்கிலத்தைப் பார்த்துக் கொடுத்து, யாருக்கு எழுதலாம் என்று பேசியவர்கள் அந்த அறிமுகக்காரர்கள்தான். என் வாதத்தைக் கைவிடவில்லை; இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துகிறேன்.

21 ஜனவரி 2024

"அந்தப் பெஞ்சுக்காரருக்கு நன்றி சொன்னீர்களா" என்று கேட்டிருக்கிறார்கள். சொல்லப் போனேன். சொந்தக் கடை போட்ட 2005-ஆம் ஆண்டில், விலாசம் விசாரித்துக்கொண்டு, ஒரு பெட்டி இனிப்பும் பழமும் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கையில் பையோடு சட்டையை உள்ளே விட்டு நின்ற என்னை வாசலிலேயே பார்த்துவிட்டு, "பாலிசி எல்லாம் ஏற்கெனவே மூணு இருக்கு தம்பி, வேண்டாம்" என்றார்.

விளக்கிச் சொன்னேன். மின்தடை, ஜெராக்ஸ் கடை, பெஞ்சு, மதுரை. அவருக்கு ஒன்றும் நினைவில்லை. அச்சகத்துக்கு ஆள் அனுப்பினேனா, இருக்கலாம் என்றார். என் வாழ்க்கையையே திருப்பிய மாலை அவருக்குப் பத்திரம் நகல் எடுக்க முடியாமல் போன ஒரு மாலை. எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. ஆனால் ஜெராக்ஸ் கடைக்காரரின் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்து, "அவர் சொன்ன ஆளா? அப்படியென்றால் அனுப்பியிருப்பேன்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பல ஆண்டுகள் நான் காதில் வாங்கவில்லை. இப்போது இதையெல்லாம் எழுதும்போதுதான் அந்த மாலையின் இன்னொரு பகுதி மேலே வருகிறது. பேச்சின் நடுவில் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். திரும்பி வந்தபோது கடைக்காரர் அவரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். அதன் பிறகுதான் அந்த மனிதர் ஒரு கழிவுத் தாளின் பின்பக்கத்தில் அச்சகத்தின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். கடைக்காரர் சொன்னது பையன் யார், எப்படிப்பட்டவன் என்பதாகத்தான் இருக்க வேண்டும். நான் மூன்று ஆண்டுகளாக அங்கே நகல் எடுத்தவன். சில்லறை இல்லாதபோது கடன் வைத்து மறுநாள் கொடுத்தவன். செய்தியைத் தந்தவர் பெஞ்சுக்காரர் என்றாலும், என்னை நம்பித் தம் வாக்கைக் கொடுத்தவர் வேறொருவர். இனிப்புப் பெட்டி போன வீடு தவறு. கடைக்காரர் அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தார்.

கேட்டவரின் கேள்விக்கும் இதனால் ஒரு பிரிவு தேவைப்படுகிறது. தகவல் வேறு, சிபாரிசு வேறு. இடம் காலியாக இருக்கிறது என்று சொல்ல எவராலும் முடியும். அதற்குச் செலவு இல்லை. இன்னாருக்குக் கொடுங்கள் என்று சொல்பவர் தம் பெயரைப் பணயம் வைக்கிறார். சீனாவின் தியான்ஜின் நகரில், அரசே வேலைகளைப் பங்கிட்டுக் கொடுத்த காலத்தை ஆராய்ந்த யான்ஜிய பியன், அங்கே நெருங்கிய உறவுகள் வழியாகவே வேலைகள் கைக்கு வந்தன என்று கண்டார். அங்கே தேவைப்பட்டது செய்தி அல்ல, செல்வாக்கு. செல்வாக்கைக் கடன் கொடுக்க நெருக்கம் வேண்டும். ஆகவே மாமனும் சித்தப்பனும்தான் என்று கேட்டவர் சொன்னதில் பாதி சரி. முதல் நாளே இதை ஒப்புக்கொண்டிருக்கலாம்.

2 பிப்ரவரி 2024

ஒரு வாசகி கேட்டிருக்கும் கேள்வி சில நாள்களாக உறுத்திக்கொண்டிருக்கிறது: "உங்கள் கதையில் எல்லோரும் ஆண்கள். ஏன்?"

கிரானவெட்டர் நியூட்டனில் விசாரித்த 282 பேரும் ஆண்கள். இராமானுஜன் கதையிலும் கடிதம் கொடுத்தவர், வாங்கியவர் எல்லோரும் ஆண்கள். அதோடு, அந்தச் சங்கிலியில் இருந்த இந்தியர்கள் அனைவரும் ஆங்கிலம் படித்து, அரசு உத்தியோகத்திலோ கல்லூரியிலோ இருந்த பிராமணர்கள். கிழிந்த நோட்டுடன் வந்தாலும் டெப்டி கலெக்டரின் வீட்டுத் திண்ணை வரை இராமானுஜனால் போக முடிந்தது. அதே நோட்டுடன் அதே ஆண்டில் வேறொரு தெருவைச் சேர்ந்த ஒருவன் போயிருந்தால் வாசற்படியை மிதித்திருக்க முடியுமா என்று நான் முன்பு யோசித்ததில்லை. வறுமை அவரைத் தடுத்தது. பிறப்பு அவரைத் தடுக்கவில்லை. தற்செயல் நடப்பதற்கும் நின்றுகொண்டிருக்க ஓர் இடம் வேண்டியிருக்கிறது.

இனி என் கதை. எங்கள் பயிலகத்தில் என்னைவிட இரண்டு வயது மூத்த ஓர் அக்கா இருந்தார். தமிழில் அவருடைய வேகம் எங்கள் எல்லோரையும்விட அதிகம். பக்கத்து மெஷினில் அவர் அடித்தால் என் மெஷின் ஏதோ கோளாறாகிவிட்டது போலத் தோன்றும். அந்த அச்சகம் தேடிக்கொண்டிருந்தது உண்மையில் அவரைத்தான். அந்தப் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தால் துணி போர்த்திய கம்ப்யூட்டர் அவருக்குப் போயிருக்கும். ஆனால் இருட்டிய பிறகு ஒரு ஜெராக்ஸ் கடைப் பெஞ்சில், முன்பின் தெரியாத ஆணோடு ஒன்றரை மணி நேரம் பேசிக்கொண்டிருக்க 1993-இல் அருப்புக்கோட்டையில் எந்தப் பெண்ணால் முடிந்திருக்கும்? என் அதிர்ஷ்டத்தில் ஒரு பகுதி, எனக்கு ஊர்சுற்ற இருந்த உரிமை. அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. விசாரிக்கிறேன்.

4 பிப்ரவரி 2024

சின்னக் கிளைப்பேச்சு. "அறிமுகம் எப்போதும் நல்லதுதானா" என்று இலங்கையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் மனத்தில் இருப்பது கங்காணி என்று நினைக்கிறேன். இலங்கைத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் பிடித்த அவர் முகம் தெரியாத தரகர் அல்லர். பெரும்பாலும் அதே ஊர்க்காரர், பல நேரங்களில் சொந்தக்காரர். முன்பணம் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனார்; ஆள் ஒன்றுக்கு அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் கடன்தொகை குறித்த 'துண்டு' வேண்டியிருந்தது. அந்த முறை 1921-இல்தான் ஒழிந்தது. தெரிந்தவர் என்பதாலேயே நம்பினார்கள், தெரிந்தவர் என்பதாலேயே தப்ப முடியவில்லை. மாமா பார்த்து வைக்கும் வேலைகளைப் பற்றி இதற்குமேல் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

18 பிப்ரவரி 2024

கேட்டவர் மீண்டும் வந்திருக்கிறார். மகன் லிங்க்ட்இன்னில் 2,000 பேரைச் சேர்த்து வைத்திருக்கிறானாம், ஒன்றும் நடக்கவில்லையாம். "உங்கள் கிரானவெட்டர் சொன்னபடி எல்லாமே பலவீனமான தொடர்புகள்தானே, பிறகு ஏன்?"

இதற்கு அந்தத் தளத்தின் தரவிலேயே விடை இருக்கிறது. அதில் "இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்" என்று காட்டும் பரிந்துரைகளை ஆளுக்கு ஆள் மாற்றிக் காட்டி, ஐந்து ஆண்டுகளில் 2 கோடிப் பேருக்கும் மேலானவர்களிடம் நடந்த சோதனைகளின் முடிவு 2022-இல் வெளியாயிற்று. பலவீனமான தொடர்புகள் வேலை மாற உதவுகின்றன என்பது உறுதியாயிற்று. ஆனால் மிகமிகப் பலவீனமானவை அல்ல. இருவருக்கும் பொதுவாகப் பத்துப் பேர் போலத் தெரிந்திருக்கும் இடைப்பட்ட அறிமுகமே அதிகம் பயன்பட்டது. மிகுந்த நெருக்கத்திலும் பயன் குறைவு, முற்றிலும் அந்நியத்திலும் பயன் குறைவு. அதிலும் கணினி சார்ந்த தொழில்களில்தான் பலவீனமான தொடர்பு கைகொடுத்தது. மற்றத் தொழில்களில் நெருங்கியவர்களே மேல்.

இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பெஞ்சுதான் நினைவுக்கு வந்தது. பெஞ்சுக்காரர் எனக்கு அந்நியர்தான், ஆனால் எங்கள் இருவரையும் தெரிந்த ஒருவர் நகல் இயந்திரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். உங்கள் மகனின் 2,000 பேருக்குப் பின்னால் அப்படி ஒரு கடைக்காரர் இல்லை. பெயர்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, அவனோடு படித்து இப்போது எங்கோ வேலையில் இருக்கும், இரண்டு ஆண்டுகளாகப் பேசாத பத்துப் பேரோடு பேசச் சொல்லுங்கள். வேலை கேட்க வேண்டாம். அங்கே என்ன வேலை நடக்கிறது என்று கேட்டால் போதும். இராமசாமி ஐயரிடம் குமாஸ்தா வேலை கேட்டவருக்குக் கிடைத்தது வேலை அல்ல, அடுத்த ஆளின் விலாசம்.

10 மார்ச் 2024

அந்த அக்காவைக் கண்டுபிடித்துவிட்டேன். பயிலகம் நடத்தியவரின் மகன் மூலம் எண் கிடைத்தது. மாவட்டத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருக்கிறார். அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ ஓய்வு. நான் 2 பிப்ரவரி எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு இரண்டு இடங்களில் திருத்தினார்.

முதல் திருத்தம்: அன்று அவரும் வகுப்பில் இருந்தார். எனக்கு இது நினைவே இல்லை. தட்டச்சு மெஷினுக்கு மின்சாரம் வேண்டாம், ஆனால் தாளைப் பார்க்க விளக்கு வேண்டும். விளக்கு அணைந்ததும் ஆசிரியர் முதலில் பெண் பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொன்னார்; பையன்கள் எப்போது போனால் என்ன என்று விட்டுவிட்டார். என்னை ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பிய அதே மின்தடை, அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. முப்பது ஆண்டுகளாக அந்த மின்தடையை நான் வாழ்த்திக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது திருத்தத்தை அவர் சற்றுக் கோபமாகவே சொன்னார். "பெஞ்சு கிடைக்காததால் நான் எங்கேயும் போகாமல் இருந்துவிட்டேன் என்று யார் சொன்னது தம்பி? உங்களுக்குப் பெஞ்சு, எங்களுக்கு ரேஷன் கடை வரிசை." மண்ணெண்ணெய் ஊற்றும் நாளில் வெறும் டின்னோடு இரண்டு மணி நேரம் நிற்கும் வரிசை அது. முன்னால் நின்ற, பெயர் தெரியாத ஒரு பெண், தன் தம்பி தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பிக்கிறான் என்றும், தட்டச்சர் பணிக்கு ஹையர் கேட்கிறார்கள் என்றும், கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்றும் சொல்லியிருக்கிறார். அக்காவின் வீட்டில் தினசரி வாங்குவதில்லை. டின்னை அந்தப் பெண்ணிடமே கொடுத்து இடம் பிடிக்கச் சொல்லிவிட்டு அஞ்சல் அலுவலகத்துக்கு ஓடினாராம். தேர்வெழுதித் தேறியது அவர் கைவேகம். அதற்கு யாருடைய வாக்கும் தேவைப்படவில்லை.

ஆண்களுக்குத்தான் தற்செயல் வாய்க்கும் என்று நான் எழுதியது, எனக்குத் தெரிந்த பெஞ்சுகளை மட்டும் எண்ணியதால் வந்த பிழை. பெண்களுக்கு நிற்கும் இடங்கள் இல்லாமல் இல்லை: குழாயடி, ரேஷன் கடை, பள்ளிக்கூட வாசல், ஆஸ்பத்திரி வராந்தா. ஆனாலும் என் சந்தேகம் முழுவதும் தீரவில்லை. அந்த வரிசையில் நின்றவர்களுக்கு எட்டியது எல்லோருக்கும் பொதுவாக அறிவித்த ஒரு தேர்வின் செய்தி. அச்சகத்து வேலை எங்கும் அறிவிக்கப்படாதது. அது பெஞ்சுகளில் மட்டுமே புழங்கியது. இதை அவரிடம் சொன்னபோது, "900 ரூபாய் வேலைக்கு நான் மதுரைக்கு வந்திருப்பேன் என்று யார் சொன்னது?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

11 மார்ச் 2024

ஒரு சிறு பின்குறிப்பு. தொலைபேசியை வைப்பதற்கு முன் அக்கா ஒன்று கேட்டார்: "கரன்ட் வந்த பிறகாவது அந்த மார்க் ஷீட்டை நகல் எடுத்தாயா?" எடுக்கவில்லை. விலாசம் எழுதிய தாளோடு வீட்டுக்கு ஓடியவன், மதிப்பெண் பட்டியலைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டேன். மறுநாள் காலை அதைக் கடைக்காரர் தம் பையனிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார். உறைக்குள் மதிப்பெண் பட்டியலோடு இரண்டு நகல்களும் இருந்தன. அதற்குரிய காசை நான் கொடுத்ததாக நினைவில்லை.